தளம் ஆறுவதற்குள் பொழுது விடிஞ்சிருது!

வையம்பட்டியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கீற்றுக் கொட்டகை இருந்த இடத்தில் கான்கிரீட் வீடு கட்டி, போன வருஷம்தான் பால் காய்ச்சிக் குடிபோயிருக்கிறார்கள். "மழைக்குப் பயமில்லை, பூரான் பயமில்லை, நெருப்புப் பயமில்லை. ஆனா, சித்திரை பிறந்ததிலேர்ந்து எங்க மாமியார் ஒரு ராத்திரிகூட வீட்டுக்குள்ள படுக்கலை. வாசல்ல கட்டிலைப் போட்டுக்கிறாங்க. பதினொரு மணிக்குக்கூட ஃபேன் போட்டா அனல் காத்துதான் இறங்குது. தளம் ஆறுவதற்குள் பொழுது விடிஞ்சிருது. மேஸ்திரியைக் கேட்டா, 'சூட்டுக்கெல்லாம் ரூல் கிடையாதும்மா, ஏசி மாட்டிக்குங்க'ங்கிறார். நிஜமாவே ரூல் எதுவும் கிடையாதா?" என்று கேட்டிருக்கிறார்.

இருக்கிறது, அம்மா. ஆனால், அது உங்கள் வீட்டு வாசல் வரைக்கும் வரவில்லை. எங்கே நின்றுவிட்டது என்று சொல்கிறேன். அதற்கு முன்னால், அந்தத் தளத்துக்கு என்ன ஆகிறது என்று பார்த்துவிடலாம்.

நம் பக்கத்தில் சூரியன் சாய்ந்து சுடுவதில்லை, உச்சந்தலையில் நின்று சுடுகிறது. ஏப்ரல் 17, 18 வாக்கில் வையம்பட்டியில் நடுப்பகலில் ஒரு குச்சியை நேராக நட்டுப் பாருங்கள், நிழலே விழாது. ஆகஸ்ட் கடைசி வாரத்தில் இன்னொரு தடவை இதே கதை. அதனால், ஒரு மாடிகூட இல்லாத தரைத்தள வீட்டில் சூட்டின் பெரும்பங்கு சுவர் வழியாக வருவதில்லை, தலைக்கு மேலிருந்துதான் வருகிறது. வெளியே 40 டிகிரி என்றால் வெறும் கான்கிரீட் தளத்தின் மேல்பக்கம் 60-ஐத் தொடும். வெறுங்காலோடு வற்றல் எடுக்கப் போனவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தச் சூடு ஐந்து அங்குலக் கான்கிரீட்டைத் துளைத்துக் கீழ்ப்பக்கம் வந்து சேர மூன்று, நான்கு மணி நேரம் ஆகிறது. மதியம் வாங்கியதைச் சாயந்திரம் நம் தலையில் இறக்க ஆரம்பித்து, ராத்திரி வெகுநேரம் வரை இறக்கிக்கொண்டே இருக்கும். வெளியே காற்று குளிர்ந்த பிறகும் உள்ளே அனலடிப்பது இதனால்தான்.

உங்கள் மாமியார் இத்தனை வருஷம் படுத்த கீற்று வீட்டை நினைத்துப் பாருங்கள். ஓலை அடுக்குக்கும் ஓலை அடுக்குக்கும் நடுவில் அடைபட்ட காற்று, சூட்டை உள்ளே விடாது. சுவருக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருக்கும், மேலே சேர்ந்த வெக்கை அது வழியாக வெளியே போய்விடும். சூட்டைத் தடுப்பது ஒன்று, தப்பி வந்ததை வெளியேற்றுவது இன்னொன்று. இரண்டு வேலையையும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே அந்தக் கூரை செய்தது. கான்கிரீட் போட்டபோது இரண்டையும் ஒரே நாளில் இழந்துவிட்டோம். யாரும் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

ஓட்டு வீட்டுக்காரர்களுக்கு மச்சு இருந்தது. ஓட்டுக்கும் அறைக்கும் நடுவில் பலகை அடித்து, மேலே மண் பூசி, வெங்கலப் பாத்திரமும் புளிப்பானையும் ஏற்றிவைப்பார்களே, அதுதான். வெயில் ஓட்டைச் சுடும், மச்சுக்குள் இருக்கும் காற்று சுடும், அந்தச் சூடு ஓட்டுச் சந்துகள் வழியாகவே வெளியேறிவிடும். கீழே கூடத்தில் படுத்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அமெரிக்காவில் வீடு கட்டும் விதிப் புத்தகத்தில் கூரைக்கடியில் இருக்கும் பரணுக்கென்றே தனியாக ஒரு கணக்கு உண்டு. பரணின் பரப்பில் 150-ல் ஒரு பங்கு காற்றுப்போக்குத் துவாரம் இருக்க வேண்டும். கீழே இறவாணத்தில் பாதி, மேலே முகட்டருகே பாதி என்று பிரித்து வைத்தால், சில நிபந்தனைகளோடு 300-ல் ஒரு பங்கு போதும். நம் மச்சுக்கு இந்தக் கணக்கை யாரும் எழுதிவைக்கவில்லை. நாட்டு ஓட்டின் சந்துகளே அதைப் பார்த்துக்கொண்டன.

ஸ்ரீரங்கத்து உத்தர வீதி, சித்திரை வீதிகளில் மிச்சமிருக்கும் பழைய வீடுகளுக்குள் போனால் வேறொரு வழி தெரியும். பக்கச் சுவரில் ஒரு ஜன்னல்கூட வைக்க முடியாதபடி ஒட்டி ஒட்டி நிற்கும் நீள வீடுகள். காற்று முன்வாசலில் நுழைந்து, ரேழி, கூடம் தாண்டி, முற்றம் வழியாக மேலே போகும். தலைக்கு மேல் மெட்ராஸ் டெரஸ் என்கிற தளம். மர உத்தரங்களின் மேல் சின்னச் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, சித்தாள்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் கட்டையால் தட்டிய தளம். அதற்கும் மேல் தட்டோடு. எல்லாம் சேர்ந்தால் அரை அடிக்கு மேல் கனம்.

அந்த ஜல்லி வேலை கான்கிரீட் வந்த பிறகும் உடனே போய்விடவில்லை. நம் பொதுப்பணித் துறைக் கணக்கில், கான்கிரீட் தளத்துக்கு மேல் 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு 12½ பங்கு சுண்ணாம்பு சேர்த்துக் கட்டையால் தட்டிப் போட வேண்டும் என்று இருக்கிறது. பழைய கொத்தனார்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். தண்ணீர் வடிவதற்கு வாட்டம், வெயிலுக்குத் தடுப்பு, இரண்டும் ஒரே வேலையில் முடிந்தன. இப்போது சொந்த வீடு கட்டுகிற பலர் 'அதுக்கு நாலு நாள் கூலி ஆகும் சார்' என்ற ஒரு வார்த்தைக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, சிமென்ட் கலவையை மெழுகி முடித்துவிடுகிறார்கள். வரவேற்பறைக்கு வாங்கும் டைல்ஸில் சதுர அடிக்குப் பத்து ரூபாய் குறைத்திருந்தால்கூட அந்தக் கூலி வந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

கீற்றுக்கே திரும்பிப் போகலாமே என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். 2004 ஜூலை 16-ம் தேதி கும்பகோணத்தில் கீற்றுக் கூரை பற்றி எரிந்து 94 பள்ளிக் குழந்தைகள் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக்கு இடமில்லாமல் போனது நியாயம்தான். குடிசை வீடுகளிலும் நெருப்பு விழுந்தால் பத்து நிமிஷத்தில் எல்லாம் சாம்பல். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ரூ.3.50 லட்சம் கொடுக்கிறார்கள். 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் என்பது இலக்கு. 360 சதுர அடி வீட்டில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம், மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை. நல்ல திட்டம்தான். ஆனால், 8 லட்சம் குடும்பங்கள் கீற்றிலிருந்து கான்கிரீட்டுக்கு மாறும்போது, அந்த 300 சதுர அடியின் மேல்பக்கத்தை என்ன செய்ய வேண்டும் என்பதையும் ஒருவர் சொல்லிக்கொடுக்க வேண்டும் அல்லவா?

இப்போது மேஸ்திரி 'கிடையாது' என்று சொன்ன ரூலுக்கு வருகிறேன்.

மத்திய மின்துறை 2018 டிசம்பரில் 'எகோ நிவாஸ் சம்ஹிதா' என்று வீடுகளுக்கான விதித்தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. கூரைக்கு அது சொல்லும் எல்லை 1.2. இதை யூ மதிப்பு என்பார்கள். ஒரு சதுர மீட்டர் தளம், மேலுக்கும் கீழுக்கும் ஒரு டிகிரி வித்தியாசம். அப்போது எத்தனை வாட் வெப்பம் உள்ளே கடக்கிறது என்பதுதான் அந்த எண். குறைந்தால் நல்லது. வெறும் ஐந்து அங்குலக் கான்கிரீட்டுக்கு இது மூன்றுக்கு மேல் போகும். ஜல்லி போட்டுத் தட்டோடு பதித்தால் இரண்டரை வாக்கில் இறங்கும். அதாவது, தாத்தா காலத்து ஜல்லி மட்டுமே இந்த விதியைத் தொட்டுவிடாது. இதையும் சொல்லிவிட வேண்டும்.

எண் பிடிக்காதவர்களுக்கு ஒரு தோராயக் கணக்கு. 300 சதுர அடி என்பது 28 சதுர மீட்டர். மேலே 60 டிகிரி, உள்ளே 35 டிகிரி என்றால், வெறும் தளத்தின் வழியாக இறங்குவது சுமார் 2,300 வாட். இரண்டு இஸ்திரிப் பெட்டிகளைச் சூடேற்றி விட்டத்தில் தலைகீழாகத் தொங்கவிட்ட மாதிரி. யூ மதிப்பு 1.2 ஆனால், ஒரு பெட்டி அளவுக்குக்கூட வராது.

அதே விதித்தொகுப்பில் காற்றுக்கும் கணக்கு உண்டு. திருச்சி போன்ற வெப்பமும் புழுக்கமும் உள்ள ஊர்களில், திறக்கக்கூடிய ஜன்னல், கதவு, வென்டிலேட்டர் பரப்பு எல்லாம் சேர்த்துத் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். தேசியக் கட்டட விதித்தொகுப்பும் புழுக்கமான பகுதிகளுக்கு இதே ஆறில் ஒன்றைத்தான் சொல்கிறது, ஆனால் கதவைக் கணக்கில் சேர்க்காமல். பத்துக்குப் பன்னிரண்டு அறை 120 சதுர அடி. அதில் 20 சதுர அடி திறப்பு வேண்டும். நான்கடிக்கு நாலரை அடியில் ஒரு ஜன்னல், இரண்டடிக்கு ஓரடியில் ஒரு வென்டிலேட்டர், கணக்கு சரியாகிவிடும். ஆனால், இப்போது எல்லோரும் ஆசைப்படுகிற தள்ளு ஜன்னலில் பாதிதான் திறக்கும். நான்கடி ஜன்னலுக்குக் காசு கொடுத்து இரண்டடிக் காற்றைத்தான் வாங்குகிறோம்.

சரி, இவ்வளவு எழுதிவைத்த விதி ஏன் வையம்பட்டிக்கு வரவில்லை? எகோ நிவாஸ் சம்ஹிதா 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்குத்தான். நம் கணக்கில் பன்னிரண்டு சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல். இரண்டு சென்ட், மூன்று சென்ட்டில் கட்டியவர்கள் அதில் இல்லை. தெலங்கானா அரசு 2023-ல் குளிர்கூரைக் கொள்கை என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அரசுக் கட்டடங்களுக்கும் வணிகக் கட்டடங்களுக்கும் கட்டாயம். வீடுகள் என்றால் 600 சதுர கெஜத்துக்குக் குறையாத மனைக்குத்தான் கட்டாயம், சின்ன வீட்டுக்கு அவரவர் விருப்பம். சின்ன வீட்டுக்காரரை விதியின் பெயரால் அலைக்கழிக்கக் கூடாது என்ற நல்லெண்ணம் இதில் இருக்கலாம். ஆனால், ஏசி மாட்ட வசதியுள்ளவருக்கு விதி பாதுகாப்பு, ஃபேனை மட்டும் நம்பியிருப்பவருக்கு ஒன்றுமில்லை என்றுதான் நடைமுறையில் முடிகிறது.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் கிராம ஊராட்சிக்கும் பொருந்தும். 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, இணையத்தில் சுயசான்று கொடுத்து உடனே அனுமதி வாங்கிக்கொள்ளலாம். அலையாமல் வேலை முடிகிறது, சந்தோஷம். அதே சமயம், 'தளத்துக்கு மேல் என்ன போட்டாய், வென்டிலேட்டர் எங்கே?' என்று கேட்க உங்களைத் தவிர ஆள் இல்லை என்பதும் அதற்குள் இருக்கிறது. தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதில் உயிரிழந்தால் குடும்பத்துக்கு ரூ.4 லட்சம் நிவாரணம் உண்டு. பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி ஆற்றிக்கொள்ள முடியாத உடம்புதான், அதிலும் வயதானவர்களும் கைக்குழந்தைகளும்தான், வெப்பத்தில் முதலில் விழுகிறார்கள். உங்கள் மாமியார் வாசலில் படுப்பது அடம் இல்லை, அம்மா. உடம்பு சொல்வதைக் கேட்கிறார், அவ்வளவுதான்.

கட்டி முடித்த வீட்டில் இனி என்ன செய்யலாம்?

முதல் வேலை வெள்ளை. சாம்பல் நிறத் தளம் வெயிலில் மூன்றில் இரண்டு பங்கை விழுங்கும். நல்ல வெள்ளைத் தளம் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, வடிகட்டி, கொஞ்சம் பசை கலந்து, தளத்தைச் சுத்தமாகப் பெருக்கிக் கழுவிவிட்டு இரண்டு கோட் அடியுங்கள். மாசி கடைசியில் அடித்தால் கத்திரி வரைக்கும் தாங்கும், மழைக்காலத்தில் கரையும், அடுத்த மாசியில் மறுபடி அடிக்க வேண்டும். காசு இருந்தால் வெயிலைத் திருப்பும் கூல் ரூஃப் பெயின்ட் சில வருஷம் உழைக்கும். அதற்கும் புழுதி சேராமல் வருஷம் ஒரு தடவை கழுவ வேண்டும். அடிக்கும்போது கண் கூசும், காலை அல்லது சாயந்திரம் அடியுங்கள். மழைநீர் சேகரிப்புக்குத் தளத்துத் தண்ணீர் போகிறது என்றால், முதல் மழையைத் திறந்துவிட்டுவிடுங்கள். வடகம், மிளகாய் காயவைக்கக் கீழே பழைய வேட்டி விரித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சுண்ணாம்பு வடகம்தான் சாப்பிட வேண்டியிருக்கும்.

அடுத்தது தடுப்பு. இரண்டு வருஷம் கழித்து தளத்து வேலை செய்யும் எண்ணம் இருந்தால், நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சுக்கு மேல் ஒன்றரை அங்குல எக்ஸ்பிஎஸ் போர்டு பரப்பி, அதன்மேல் கம்பி வலையோடு கலவை போட்டு, பத்தடிக்கு இரண்டு அங்குலம் வாட்டம் கொடுத்து, வெள்ளை டைல்ஸ் பதியுங்கள். பெரிய மனைக்காரர்களுக்குச் சொன்ன 1.2-க்குக் கீழே உங்கள் வீடும் வந்துவிடும். ஜல்லி போட ஆசைப்பட்டால் மூன்று அங்குல ஜல்லிக்குச் சதுர மீட்டருக்கு 140 கிலோ போல எடை ஏறும். பழைய தளம் என்றால் ஒரு பொறியாளரிடம் காட்டாமல் ஏற்றாதீர்கள்.

உள்ளே ஃபால்ஸ் சீலிங் போட்டுக்கொள்ளலாமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். பலன் உண்டு, ஆனால் இரண்டாம்பட்சம். வெளியே தடுத்தால் கான்கிரீட்டே சூடாகாது. உள்ளே தடுத்தால் கான்கிரீட் தினமும் வெந்து, விரிந்து, சுருங்கி, விரிசல் விடும். அடுப்பை அணைப்பது ஒன்று, அடுப்புக்கும் நமக்கும் நடுவில் தட்டி வைப்பது இன்னொன்று. தெர்மாகோல் ஒட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். தீப்பிடித்தால் உருகி நம் மேலேயே சொட்டும். கீற்றை விட்டு ஓடிவந்ததே எதற்காக?

மாடியில் தகரக் கொட்டகை போடுவது உறையூர், தில்லைநகர் பக்கமெல்லாம் சாதாரணம். உண்மையில் அதுதான் நம் காலத்து மச்சு. ஷீட் வெயிலை வாங்கிக்கொள்ளும், நடுவில் காற்று ஓடும், தளம் நிழலில் இருக்கும். ஆனால் நான்கு பக்கமும் திறந்திருக்க வேண்டும். பழைய பீரோ, உடைந்த சைக்கிள் எல்லாம் போட்டுச் சுற்றித் தகரம் அடித்து மூடினால் அது மச்சு இல்லை, உலை. நல்ல இரும்புக் கால், கொக்கி போல்ட் போட்டு இறுக்குங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் புதுக்கோட்டை வழியாக மேற்கே போனபோது எத்தனை தகரங்கள் பறந்தன என்று உங்கள் பக்கத்தில் யாரையும் கேட்கலாம்.

வென்டிலேட்டர் இருக்கிறதா என்று இன்றைக்கே அண்ணாந்து பாருங்கள். முக்கால்வாசி வீடுகளில் ஏழடி உயரத்தில் சுற்றிலும் லாஃப்ட் போட்டு, அதில் அட்டைப் பெட்டிகளை அடுக்கி, வென்டிலேட்டரை நாமே அடைத்திருப்போம். அடைத்ததை எடுங்கள். இல்லாவிட்டால் கொத்தனாரை வைத்துத் தளத்துக்கு ஓரடி கீழே, எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு துளை போட்டு, கொசுவலை அடித்துவிடுங்கள். பீம் இருக்கும் இடத்தில் கைவைக்கக் கூடாது. சாயந்திரம் வெளியே ஆறியதும் கீழ் ஜன்னல், மேல் துளை இரண்டையும் திறந்துவிட்டால் வெக்கை தானே மேலே ஏறி வெளியேறும். பகல் பதினொரு மணியிலிருந்து நான்கு மணி வரை ஜன்னலைச் சாத்தித் திரை போட்டு வையுங்கள். அந்த நேரத்தில் வெளிக்காற்றுதான் சூடு.

வாசகியின் கடிதத்தில் கடைசி வரி, பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை பற்றியது. ஷீட் கூரைக்கு வெள்ளை இன்னும் வேகமாகப் பலன் தரும், ஏனென்றால் அந்த மெல்லிய தகட்டில் தடுப்பு என்பதே கிடையாது. உள்ளே ஓரடி இடைவெளி விட்டு சிமென்ட் போர்டில் ஒரு தட்டு அடிக்கலாம். 300 சதுர அடிக்கு, அந்த 150-ல் ஒன்று கணக்குப்படி இரண்டு சதுர அடி துவாரம் வேண்டும். ஒரு சதுர அடி தாழ்வாரப் பக்கம், ஒரு சதுர அடி முகட்டுப் பக்கம். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைச் சுரண்டவோ, துளை போடவோ, வெட்டவோ வேண்டாம். அந்தத் தூள் நுரையீரலுக்கு விஷம். தண்ணீர் தெளித்து, துணியால் மெதுவாகத் துடைத்துவிட்டுப் பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். கூரை மேல் ஏறி நிற்கவும் கூடாது, பலகை போட்டு அதன்மேல் உட்கார்ந்துதான் அடிக்க வேண்டும்.